முதல் பல்பு மின்னோட்டத்தைத் தின்றுவிடுகிறதா? அறிவியல் ஆசிரியை ஒருவருக்குப் பதில்

டெல்டா மாவட்டம் ஒன்றில், அரசு உயர்நிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியையாக இருக்கும் வாசகி எழுதியிருக்கிறார். அவர் படித்தது விலங்கியல். பள்ளியில் அறிவியலுக்கு அவர் ஒருவரே என்பதால் பத்தாம் வகுப்பு இயற்பியலும் அவர் பொறுப்பு. மின்னோட்டவியல் பாடத்தில் டார்ச் பல்பையும் பென்சில் பேட்டரியையும் வைத்து, மின்னழுத்தம் கூடும் அதே விகிதத்தில் மின்னோட்டமும் கூடும் என்ற ஓம் விதியைச் செய்து காட்டியிருக்கிறார். ஒரு பேட்டரிக்கு 0.22 ஆம்பியர் வந்தது, இரண்டுக்கு 0.32 தான் வந்தது. "ரெண்டு மடங்கு வரணுமே மிஸ், விதி தப்பா?" என்று ஒரு மாணவி கேட்டிருக்கிறாள். மீட்டர் பழசு என்று சொல்லி அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டதாக எழுதுகிறார்.

மறுநாள் இரண்டு பல்புகளைத் தொடரிணைப்பில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக, மாட்டியபோது இரண்டாவது பல்பு மங்கலாக எரிந்தது. "முதல் பல்பு கரண்டைத் தின்னுடுச்சு, மிச்சம்தான் அடுத்ததுக்குப் போகுது" என்று வகுப்பே முடிவு கட்டிவிட்டது. அதை மறுக்க அவருக்கு வழி தெரியவில்லை. இத்தனைக்கும் அதே பிள்ளைகள் ஓம் விதிக் கணக்குகளைத் தப்பில்லாமல் போடுகிறார்கள். தலைமை ஆசிரியரோ "சோதனையெல்லாம் போதும், வினா வங்கியை முடியுங்கள்" என்கிறார். செய்து காட்டுவதை விட்டுவிட்டு வினா-விடையோடு நின்றுகொள்ளலாமா, தெரியாததைத் தெரியாது என்று மாணவர் முன் சொல்லலாமா, வகுப்பறை பிளக்கிலிருந்து 60 வாட், 100 வாட் பல்புகளை எரித்துக் காட்டினால் தெளிவாக இருக்குமா, செய்முறையில் மின்தடை எண் (கம்பியின் நீளம், தடிமனைப் பொறுக்காமல் அதன் பொருளுக்கே உரிய அளவு) ஆளுக்கொரு விடையாக வருவது ஏன் என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள ஆசிரியைக்கு,

பிளக்கில் செருகும் யோசனையை முதலில் கைவிடுங்கள். 230 வோல்ட்டில் திறந்த இணைப்புகளை நாற்பது பிள்ளைகள் சூழ்ந்து நிற்கும் மேசையில் வைக்கக் கூடாது. உடல் வழியே 30 மில்லி ஆம்பியர் பாய்ந்தாலே உயிருக்கு ஆபத்து உண்டு. 60 வாட் பல்பும் 100 வாட் பல்பும் தொடரிணைப்பில் இருந்தால் எது பிரகாசமாக எரியும் என்பது நல்ல கேள்விதான், அதைக் கரும்பலகையில் கணக்காகப் போடுங்கள். 230 வோல்ட்டில் எரியும்போது 60 வாட் பல்பின் மின்தடை சுமார் 882 ஓம், 100 வாட்டினுடையது 529 ஓம். தொடரிணைப்பில் மின்னோட்டம் இரண்டுக்கும் ஒன்றே, ஆகவே மின்தடை கூடிய 60 வாட் பல்பே அதிகம் எரியும். நேரில் காட்ட வேறு வேறு குறியீடு போட்ட இரண்டு டார்ச் பல்புகள் போதும். அதேபோல் பைக் பேட்டரி, யூ.பி.எஸ். பேட்டரி, பழைய செல்போன் பேட்டரி எதையும் வகுப்புக்குக் கொண்டுவர வேண்டாம். தவறி ஒரு குறுக்குச்சுற்று (ஷார்ட் சர்க்யூட்) ஏற்பட்டால் கம்பி சிவக்கச் சுடும். பென்சில் பேட்டரியில் அந்த அளவுக்குப் போகாது.

உங்கள் மீட்டர் சரியாகத்தான் காட்டியது

0.22, 0.32 என்ற உங்கள் அளவீடுகள் ஒரு டார்ச் பல்பு தர வேண்டிய அளவீடுகளே. பல்புக்குள் இருக்கும் மின்னிழை டங்ஸ்டன். 2.5 வோல்ட், 0.3 ஆம்பியர் என்று குறியிட்ட பல்பு முழு வெளிச்சத்தில் எரியும்போது அதன் மின்தடை 8.3 ஓம். அதுவே எரியாமல் குளிர்ந்திருக்கும்போது ஒரு ஓமை ஒட்டித்தான் இருக்கும். மின்னழுத்தத்தைக் கூட்டக் கூட்ட இழை சூடாகிறது, சூடாகச் சூடாக மின்தடை ஏறுகிறது, அதனால் மின்னோட்டம் அதே விகிதத்தில் ஏறுவதில்லை. மின்னழுத்தம் இரண்டு மடங்கானபோது உங்களுக்கு மின்னோட்டம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கானது இதனால்தான். விதியைப் புத்தகம் 'மாறா வெப்பநிலையில்' என்ற நிபந்தனையோடுதான் சொல்கிறது. உங்கள் வகுப்பில் அந்த நிபந்தனை உடைந்ததை ஒரு மாணவி கண்ணால் பார்த்துக் கேட்டிருக்கிறாள்.

இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கலாம். பேட்டரியின் மேல் அச்சிட்டிருக்கும் 1.5, 3 என்ற எண்களையே அட்டவணையில் எழுதியதாகச் சொல்கிறீர்கள். பேட்டரிக்குள்ளேயே மின்தடை உண்டு. 0.3 ஆம்பியர் இழுக்கும்போது அதன் முனைகளில் 1.5 வோல்ட் நிற்காது, பழைய பேட்டரி என்றால் 1.2 வோல்ட்டுக்கும் கீழே இறங்கிவிடும். அச்சிட்ட எண்ணை நம்பாமல், எரிந்துகொண்டிருக்கும் பல்பின் இரு முனைகளுக்கும் இடையே வோல்ட்மீட்டரை வைத்து அளந்து எழுதுங்கள்.

இந்தச் சிக்கல் ஓமுக்கே வந்தது. ஜெர்மனியின் கொலோன் நகரில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியராக இருந்தபோதுதான் ஜார்ஜ் சைமன் ஓம் இந்த ஆய்வுகளைச் செய்தார். 1825-ல் அவர் பயன்படுத்திய மின்கலங்களின் அழுத்தம் நிலையாக இல்லை. அப்போது வெளியிட்ட சமன்பாடும் இன்று நாம் நடத்தும் விதி அல்ல. அடுத்த ஆண்டு மின்கலத்தை ஒதுக்கிவிட்டு, இரு முனைகளின் வெப்பநிலை வேறுபாட்டால் மின்னழுத்தம் தரும் பிஸ்மத்-தாமிர வெப்ப இரட்டையின் ஒரு சந்தியைக் கொதிநீரிலும் மறு சந்தியைப் பனிக்கட்டியிலும் வைத்து நிலையான அழுத்தத்தை உண்டாக்கினார். விதி அப்போதுதான் பிடிபட்டது. 1827-ல் நூலாக வந்தது. வகுப்பில் இதைச் சொல்ல ஐந்து நிமிடம் ஆகும். மூல அழுத்தம் ஆடினால் எந்த விதியும் தெரியாது என்பதைப் பிள்ளைகள் அதன் பிறகு மறக்க மாட்டார்கள்.

ஓம் விதியைக் காட்ட பல்பு வேண்டாம், மின்தடையாக்கி (ரெசிஸ்டர்) வாங்குங்கள். 220 ஓம், கால் வாட்: சிவப்பு, சிவப்பு, பழுப்பு வளையங்களோடு ஒரு தங்க நிற வளையம் இருக்கும். எலக்ட்ரானிக்ஸ் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். நான்கு பென்சில் பேட்டரிகள் கொள்ளும் ஹோல்டர் ஒன்று வாங்கிக்கொண்டு, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று பேட்டரிகளைக் கூட்டிப் போங்கள். மின்னோட்டம் சுமார் 6.8, 13.6, 20.5, 27.3 மில்லி ஆம்பியர் என்று வரும். இவ்வளவு சிறிய மின்னோட்டத்தில் பேட்டரியும் தளராது, மின்தடையாக்கியும் சூடாகாது. தங்க வளையத்துக்கு ஐந்து சதவீதம் கூடுதல் குறைவு இருக்கலாம் என்று பொருள். ஆகவே எண்கள் எல்லாம் சேர்ந்து சற்றுத் தள்ளி வந்தாலும் வரைபடம் ஆதிப்புள்ளி வழியே செல்லும் நேர்க்கோடாகவே இருக்கும். 100 ஓம் எடுத்துவிடாதீர்கள். 6 வோல்ட்டில் அது 0.36 வாட் வாங்கும், கால் வாட் தாங்காது, சுடும், நீங்கள் தவிர்க்க நினைத்த சிக்கல் திரும்ப வந்துவிடும்.

இந்த அளவீட்டுக்குப் பள்ளியின் முள் அம்மீட்டர் உதவாது. 500 மில்லி ஆம்பியர் வரை காட்டும் மீட்டரில் 7 மில்லி ஆம்பியருக்கு முள் அசைந்ததா என்றே தெரியாது. சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரை 200 மில்லி ஆம்பியர் நிலையில் வையுங்கள். முள் மீட்டர்தான் இருக்கிறது என்றால் 10 ஓம், 5 வாட் வெள்ளை சிமெண்ட் ரெசிஸ்டரை எடுத்துக்கொண்டு மூன்று பேட்டரியோடு நிறுத்துங்கள். அங்கே பேட்டரி தளரத்தான் செய்யும். ரெசிஸ்டரின் முனைகளில் வோல்ட்மீட்டர் வைத்து அளந்தால் புள்ளிகள் கோட்டில்தான் விழும்.

அந்த நேர்க்கோடு வந்த பிறகு, டார்ச் பல்பின் அளவீடுகளை இன்னொரு வரைபடமாகப் போடச் சொல்லுங்கள். அது வளையும். ஒன்று ஏன் நேராக, இன்னொன்று ஏன் வளைவாக என்பதை அந்த மாணவியின் கேள்வியாகவே வகுப்பின் முன் வையுங்கள். அன்று மீட்டர் பழசு என்று சொன்னது சரியான பதில் இல்லை என்பதையும் அப்போது சொல்லிவிடுங்கள். அவள் அளந்ததும் சரி, கேட்டதும் சரி என்று வகுப்பு கேட்க வேண்டும்.

மங்கலாக எரிந்த இரண்டாவது பல்பு

இந்த நம்பிக்கை உங்கள் மாணவர்களுக்கு மட்டும் உரியது அல்ல. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் லில்லியன் மெக்டெர்மட் குழுவினர் 1992-ல் வெளியிட்ட ஆய்வுகளில், இயற்பியல் பாடம் முடித்த கல்லூரி மாணவர்கள் பலரும் மின்னோட்டம் பல்பில் செலவாகிறது என்றே நினைத்தது தெரிந்தது. கணக்கைச் சரியாகப் போடுகிறவர்களிடமும் இது இருக்கும். சமன்பாட்டில் மூன்று எண்களில் இரண்டைப் போட்டு மூன்றாவதை எடுக்க மின்சுற்றைப் பற்றி எதுவுமே நினைக்க வேண்டியதில்லை. அதனால் "கணக்கு வருகிறது, ஆகவே பாடம் புரிந்துவிட்டது" என்ற உங்கள் அனுமானத்தைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள்.

விரிவுரையால் இது போகாது. மாணவர்கள் முதலில் ஊகத்தை நோட்டில் எழுத வேண்டும், எழுதிய பிறகு அழிக்கக் கூடாது, அதன் பிறகுதான் சாவியை (ஸ்விட்சை) மூட வேண்டும். ஊகம் எழுதாமல் பார்க்கும் சோதனையில், என்ன நடந்தாலும் "நானும் அதைத்தான் நினைச்சேன்" என்று மனசு சமாதானம் சொல்லிக்கொள்ளும்.

மங்கலாக எரிந்ததற்கு உண்மைக் காரணம் பல்புகளின் வேறுபாடு. ஒரே குறியீடு இருந்தாலும் இரண்டு பல்புகள் அச்சாக ஒன்றுபோல் இருப்பதில்லை. எனவே வேறு எதையும் தொடாமல் இரண்டு பல்புகளை மட்டும் இடம் மாற்றுங்கள். முதலில் இருப்பது தின்கிறது என்பது உண்மையானால், இடம் மாறிய பிறகும் இரண்டாவது இடத்தில் இருப்பதே மங்க வேண்டும். நடப்பது வேறு: மங்கலாக இருந்த பல்பு எந்த இடத்துக்குப் போனாலும் மங்கலாகவே எரியும். அடுத்து பேட்டரியைத் திருப்பிப் போடுங்கள், அப்போதும் அதே பல்புதான் மங்கும். இந்த இரண்டுக்கும் மீட்டரே தேவையில்லை.

பிறகு அம்மீட்டரை முதல் பல்புக்கு முன், இரண்டுக்கும் நடுவே, இரண்டாவதுக்குப் பின் என மூன்று இடங்களில் வைத்து அளக்கலாம். மூன்றிலும் ஒரே எண் வரும். கடைசி இலக்கம் ஒன்று ஆடினால், இணைப்பைப் பிரித்து மாட்டும்போது முனைகளின் தொடுகை மாறியதே காரணம். முனைகளை உப்புத்தாளில் தேய்த்துவிட்டுத் தொடங்கினால் அதுவும் குறையும். ஒரு எச்சரிக்கை: பல்புச் சுற்றில் 0.2 ஆம்பியருக்கு மேல் ஓடும். மல்டிமீட்டரின் 200 மில்லி ஆம்பியர் நிலையில் அளந்தால் உள்ளே இருக்கும் ஃப்யூஸ் போய்விடலாம், பிறகு மீட்டர் சும்மா சுழியம் காட்டிக்கொண்டிருக்கும். சிவப்பு முனையை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றிவிட்டு அளக்க வேண்டும். அம்மீட்டரைப் பேட்டரியின் இரு முனைகளுக்கும் குறுக்கே வைத்துவிடும் தவறும் எல்லா வகுப்பிலும் நடக்கும். சுற்றை ஓரிடத்தில் வெட்டி, வெட்டிய இடத்தில் மீட்டரை நுழைக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு குழுவும் சாவியை மூடும் முன் உங்களிடம் காட்டட்டும்.

இதற்குப் பிறகும் ஒரு பிள்ளை "அப்போ பேட்டரி ஏன் தீருது?" என்று கேட்கும். கேட்கவில்லை என்றால் நீங்கள் கேளுங்கள். அவர்கள் நினைப்பில் பாதி சரி. ஏதோ ஒன்று செலவாகிறது, அது ஆற்றல். சைக்கிள் சங்கிலியில் போன கண்ணிகள் அத்தனையும் திரும்பி வருகின்றன, சக்கரத்துக்குப் போய்ச் சேருவது காலின் உழைப்பு. மின்னூட்டமும் அப்படியே சுற்றிவருகிறது, பேட்டரியின் வேதி ஆற்றல் பல்பில் வெளிச்சமாகவும் வெப்பமாகவும் வெளியேறுகிறது. சாவியை மூடியதும் பல்பு உடனே எரிவதற்கும் இந்த ஒப்புமை பொருந்தும். ஒரு சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பியில் ஒரு ஆம்பியர் ஓடும்போது எலக்ட்ரான்கள் வினாடிக்கு 0.07 மில்லிமீட்டர்தான் நகர்கின்றன. கம்பி முழுவதும் இருக்கும் எலக்ட்ரான்கள் ஒருசேர நகரத் தொடங்குவதால் பல்பு காத்திருப்பதில்லை. பல்புகளைத் தனித்தனிப் பாதைகளில் மாட்டும் பக்க இணைப்புக்குப் போகும்போது சங்கிலியை விட்டுவிடுங்கள், அங்கே அது குழப்பும்.

நான்கு பாடவேளைகளில் முடிக்க

எட்டுக் குழுக்கள், குழுவுக்கு ஐந்து பேர். ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு பேட்டரி, ஹோல்டரோடு இரண்டு பல்பு, ஒரு சாவி, முதலைக் கவ்வி வைத்த ஆறு வயர்கள். கடையில் வெறுமனே டார்ச் பல்பு என்று கேட்டால் இப்போது எல்.இ.டி. தந்துவிடுவார்கள். அது ஒரு திசையில்தான் எரியும், இந்தச் சோதனைக்கு ஆகாது. உள்ளே கம்பி தெரியும் 2.5 வோல்ட் பல்பு என்று காட்டிக் கேட்டு வாங்குங்கள். வாங்கி வந்ததும் இரண்டிரண்டாகத் தொடரில் எரியவிட்டு, சமமாக எரியும் ஜோடிகளையும் வேறுபடும் ஜோடிகளையும் பிரித்து வையுங்கள். முதல் பாடவேளைக்கு வேறுபடும் ஜோடிகளே வேண்டும்.

முதல் பாடவேளை, ஊகமும் இடமாற்றமும். இரண்டாவது, அம்மீட்டர் மூன்று இடங்களில், பிறகு ஒவ்வொரு பல்பின் மின்னழுத்த வேறுபாடும் அவற்றின் கூடுதலும். மூன்றாவது, 220 ஓம் வரைபடமும் பல்பு வரைபடமும். மல்டிமீட்டர் ஒன்றுதான் இருந்தால் இந்த வகுப்பை முன்மேசையில் நீங்களே நடத்துங்கள், அளவீட்டை வாசிப்பது மட்டும் மாணவர் வேலை. நான்காவது, வினா வங்கி. அதில் 'காரணம் கூறுக' கேள்விகளை முன்னால் வையுங்கள், ஒவ்வொரு கணக்குக்கும் கடைசியில் 'இரண்டாவது பல்பில் மின்னோட்டம் எவ்வளவு, ஏன்?' என்று ஒரு வரி சேருங்கள்.

பள்ளியின் ஹைடெக் ஆய்வகத்தில் கணினியிலேயே சோதனை செய்து பார்க்கும் பெட் (PhET) பாவிப்புச் செயலி திறந்தால், கொலராடோ பல்கலைக்கழகம் உருவாக்கிய மின்சுற்றுப் பாவிப்பு பக்க இணைப்புக்கு நன்றாக உதவும். ஆனால் அதில் வழக்கமாகக் கிடைக்கும் பல்பின் மின்தடை மாறாதது. அதை வைத்து ஓம் விதியைக் காட்டிவிட்டு உண்மைப் பல்பை எடுத்தால் அதே கேள்வி திரும்ப வரும்.

தலைமை ஆசிரியரிடம் எப்படிப் பேசுவது

அவர் கவலை நியாயமானது. மெல்ல மலரும் மாணவர்கள், அதாவது மெதுவாகக் கற்பவர்கள், தேறியாக வேண்டும், அதற்கு அவர் கையில் இருப்பது வினா வங்கி. எனவே சோதனையா தேர்வா என்று எதிரெதிராக நிறுத்தாதீர்கள். பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கும் அக மதிப்பீட்டுக்குமாக 25. இயற்பியல் செய்முறைகளில் ஒன்றான மின்தடை எண் சோதனைக்கு அம்மீட்டர், வோல்ட்மீட்டர் இணைப்பு தெரிந்தாக வேண்டும். "நான்கு பாடவேளை கேட்கிறேன், அதற்குள் செய்முறைப் பயிற்சியும் இந்தப் பாடத்தின் வினாக்களும் முடிந்துவிடும்" என்று பாடக்குறிப்பில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பொருள்களைப் பள்ளி மானியத்தில் வாங்க முடியுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

நான்குக்கு மேல் கேட்காதீர்கள். எல்லாவற்றையும் மாணவரே கண்டுபிடிக்கட்டும் என்று போனால் மற்றப் பாடங்களுக்கு நேரம் இருக்காது, ஆண்டு இறுதியில் பாதிக்கப்படுவது மெதுவாகக் கற்பவர்கள்தான். வினா-விடையோடு மட்டும் நின்றால் கேள்வியின் வாசகம் சற்று மாறியதும் பிள்ளைகள் தடுமாறுவார்கள், பதினோராம் வகுப்பில் இயற்பியல் எடுப்பவர்கள் இந்தத் தவறான படத்தையே சுமந்து போவார்கள்.

தெரியாது என்று சொல்லலாமா என்றால், தாராளமாகச் சொல்லலாம். அடுத்த வாக்கியம் "எதை மாற்றிப் பார்த்தால் தெரியும்?" என்பதாக இருக்க வேண்டும், அந்த வாரத்துக்குள் பதிலும் வர வேண்டும். விலங்கியல் படித்ததைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை அப்படியே வைத்துப் பார்க்கும் கட்டுப்பாட்டுச் சோதனை உங்கள் துறையில் அன்றாடம். பல்பை இடம் மாற்றிப் பார்ப்பதும் அதுவேதான்.

மின்தடை எண் ஏன் ஆளுக்கொரு விதமாக வருகிறது

பெரும்பாலும் கம்பியின் விட்டத்தை அளக்கும் திருகு அளவியால். சமன்பாட்டில் ஆரம் இருமடியாக வருகிறது. 0.40 மில்லிமீட்டர் விட்டமுள்ள நிக்ரோம் கம்பியில், 0.03 மில்லிமீட்டர் நேர் சுழிப்பிழையை (எதையும் வைக்காதபோதே கருவி கூடுதலாகக் காட்டும் அளவை) கழிக்காமல் 0.43 என்று எடுத்தால் விடை சுமார் 16 சதவீதம் கூடிவிடும். ஆரத்துக்குப் பதில் விட்டத்தையே போட்டால் நான்கு மடங்கு. எனவே ஒவ்வொரு கருவியின் சுழிப்பிழையையும் நீங்களே முன்கூட்டிப் பார்த்து, ஒரு சிட்டையில் எழுதி அதன் பெட்டியில் ஒட்டிவிடுங்கள். மாணவர்கள் தங்கள் அளவை அதோடு ஒப்பிட்டுக்கொள்ளட்டும். கம்பியை மூன்று இடங்களில், ஒவ்வோர் இடத்திலும் செங்குத்தான இரண்டு திசைகளில் அளந்து சராசரி எடுக்க வேண்டும். கிளிக் சத்தம் கேட்கும் தலைப்பைத்தான் திருக வேண்டும், இறுக்கித் திருகினால் அளவு குறைந்து காட்டும்.

நீளம் என்பது இரண்டு திருகுகளுக்கும் இடைப்பட்ட கம்பி மட்டும், சுற்றிக் கட்டிய நுனிகள் சேராது. அதே 0.40 மில்லிமீட்டர் நிக்ரோம் 50 சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 4.4 ஓம் வர வேண்டும், மின்தடை எண் 1.1 × 10⁻⁶ ஓம் மீட்டரை ஒட்டி. சாவியை அளவெடுக்கும் நேரத்துக்கு மட்டும் மூடச் சொல்லுங்கள். பேசிக்கொண்டே மூடி வைத்திருந்தால் பேட்டரி தளரும், அம்மீட்டரை வாசித்ததற்கும் வோல்ட்மீட்டரை வாசித்ததற்கும் இடையே இரண்டுமே மாறியிருக்கும். ஒருவர் அம்மீட்டரையும் இன்னொருவர் வோல்ட்மீட்டரையும் ஒரே நேரத்தில் வாசித்துச் சொல்ல, மூன்றாமவர் எழுதினால் இந்தப் பிழை போய்விடும். தேர்வில் தனியாகச் செய்ய வேண்டியிருப்பதால், கடைசி இரண்டு பயிற்சிகளில் ஒரே ஆள் அடுத்தடுத்து விரைவாக வாசித்துச் சாவியைத் திறந்துவிடப் பழக்குங்கள்.